அருள்தாஸின் காலும் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளும்

அருள்தாஸுக்கு வலது காலில் புண். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நற்கரம் அறக்கட்டளை மருத்துவமனையில் அவரைச் சேர்த்தபோது எழுதிய படிவத்தில் இந்தத் தகவல் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. அதுவும் ‘இதர விவரங்கள்’ என்ற தலைப்பின் கீழ், ஒன்றரை வரி இடத்தில்.

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில், நெல் மண்டிகளைத் தாண்டி, எதிரே ஒரு டீக்கடையை வைத்துக்கொண்டு நிற்கிறது அந்த மருத்துவமனை. ரொம்ப நாளாக அது ஒரு சாதாரண ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது. போனால் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், வந்துவிடலாம். அப்புறம் தரச்சான்று வாங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. நிர்வாக அதிகாரி ராஜாராம் கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், வேறு மனிதராகத் திரும்பி வந்தார். வந்த அன்றே ஊழியர்களை நிற்க வைத்து, “இனிமேல் நாம் நோயைப் பார்க்கப் போவதில்லை, மனிதனைப் பார்க்கப் போகிறோம்” என்று அறிவித்தார். இந்த வாக்கியத்தின் முதல் பாதியை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

மனிதனைப் பார்ப்பதற்காக ‘நுண்ணுணர்வுப் பிரிவு’ என்று ஒரு பிரிவு திறக்கப்பட்டது. நோயாளியின் குடும்ப, மன, சமூகப் பின்னணியை மதிப்பிட பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அதுவரை இந்த வேலையை நர்ஸ்கள்தான் பார்த்து வந்தார்கள். கட்டு மாற்றும்போதும், தலைக்குத் தலையணை வைக்கும்போதும் நாலு வார்த்தை பேசுவார்கள், விஷயம் வந்துவிடும். அதை வேலை என்றே யாரும் நினைத்ததில்லை, அவர்கள் உட்பட. இனிமேல் அப்படிப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. படிவம் இல்லாமல் கேட்டால் அது வம்பு, படிவத்தோடு கேட்டால்தான் மதிப்பீடு என்று ராஜாராம் விளக்கம் சொன்னார். பதினாறு வருடமாக அங்கே நர்ஸாக இருக்கும் பரிமளா அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊசி போடப் போய்விட்டாள்.

அருள்தாஸ் ஏரிக்கரைக் காலனியைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்தைந்து. வரப்பு வெட்டுவார், மூட்டை தூக்குவார், கால்வாய் தூர் வாருவார். அப்படித் தூர் வாரும்போதுதான் மண்வெட்டி காலில் இறங்கியது. நாலு வருடமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. இருபது நாள் மஞ்சளை அரைத்து அரைத்து வைத்துப் பார்த்தார். சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் கறுக்க ஆரம்பித்ததும் ஷேர் ஆட்டோ ஏறி வந்துவிட்டார்.

டாக்டர் வெங்கடேசன் ஒரு நிமிடம் பார்த்தார். அந்த வாரம் முழுக்க மருத்துவமனையில் நடந்தவற்றிலேயே உருப்படியான நிமிடம் அது என்பது என் கருத்து. சர்க்கரை முந்நூற்று எண்பது இருக்கிறது, சனிக்கிழமைக்குள் இருநூறுக்குக் கீழே இறங்கினால் விரல்கள் தப்பும், இல்லாவிட்டால் இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, இன்சுலின் எழுதினார். அன்று திங்கட்கிழமை.

ஆனால் இன்சுலினைச் சும்மா போட்டுவிட முடியாது. படிவத்தின் ஒன்பதாம் பகுதி ‘ஊசி குறித்த குடும்ப மனத்தயார்நிலை’. அதில் மனைவியின் கையெழுத்து வேண்டும். அதுவரைக்கும் காலையில் இரண்டு மாத்திரை, இரவில் இரண்டு மாத்திரை. அவ்வளவுதான்.

மதிப்பீடு செய்ய வந்தவள் ஜெயப்பிரியா. நல்ல பெண், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். நாலு நாள் பயிற்சி எடுத்திருந்தாள். மருத்துவமனையில் ‘அந்தரங்க உரையாடல் அறை’ என்று ஓர் அறை உண்டு. ஆனால் அதில் புது சோபா போட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருந்தார்கள். தரச்சான்றுக் குழு வந்து பார்க்கும் வரை அதில் யாரும் உட்காரக் கூடாது என்று சாவியை ராஜாராம் இடுப்பிலேயே வைத்திருந்தார். அதனால் அந்தரங்கத்தைச் சக்கரம் வைத்த ஒரு பச்சைத் துணித் தட்டியாகச் செய்து, தேவைப்படும் கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரங்களுக்கு எண்ணெய் கிடையாது. அது கிறீச்சிட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தால், இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். தட்டியின் மேல் ‘ரகசியம் காக்கப்படும்’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

“உங்கள் குடும்பத்தில் முடிவுகளை எடுப்பவர் யார்?” என்று ஜெயப்பிரியா ஆரம்பித்தாள்.

“இன்னா முடிவு மேடம்?”

“எந்த முடிவானாலும்.”

“முடிவெல்லாம் நாங்க எங்க எடுக்கறது? அதுவா வரும், நாங்க ஏத்துக்கினு போவோம்.”

நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. “ஆக, உங்கள் குடும்பத்தில் முடிவுகள் தாமாகவே வருகின்றன” என்றாள் அவள், கணீரென்று. படிவத்தின் வலது ஓரத்தில் ஊழியர்களுக்கான குறிப்புகள் அச்சாகியிருந்தன. இந்த இடத்தில் ‘ஏழு விநாடி மௌனம்’ என்று போட்டிருந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தாள். அந்த ஏழு விநாடியில் அருள்தாஸுக்கு வேர்த்துவிட்டது. கால் போய்விட்டது, அதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இந்தப் பெண் கஷ்டப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். எட்டாவது விநாடியில் அவள், வீட்டில் ஜன்னல்கள் எத்தனை என்று கேட்டாள்.

சாதி பற்றிய கேள்விக்குப் பக்கத்தில் ‘விருப்பமிருந்தால் மட்டும்’ என்று போட்டு, அதன் பக்கத்திலேயே கட்டாயம் என்பதற்கான சிவப்பு நட்சத்திரமும் போட்டிருந்தது. அருள்தாஸ் விருப்பமில்லை என்றார். ஜெயப்பிரியா அதை மதித்தாள். ஆனால் பதில்களை அவள் கூடவே ஏற்றிக்கொண்டிருந்த கணினிப் பலகை மதிக்கவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“விலாசம் கேட்டப்ப காலனின்னு சொன்னேனே மேடம். அதுலயே எல்லாருக்கும் புரிஞ்சிடுமே. உங்க மெஷினுக்கு மட்டும் புரியலயா?” என்றார் அவர்.

மதம் வந்தபோது இன்னொரு சிக்கல். அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர், ஜெபப் புத்தகத்தோடு. அவர் மனைவி செங்கேணி மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவள். ‘வழிபாட்டு முரண்’ என்ற கட்டத்தில் ஜெயப்பிரியா டிக் அடித்தாள். டிசம்பரில் அவள் கேக் சாப்பிடுவாள், ஆடியில் நான் கூழ் குடிப்பேன், இதில் என்ன முரண் என்று அருள்தாஸ் கேட்டுப் பார்த்தார். கேக்குக்கும் கூழுக்கும் படிவத்தில் இடமில்லை.

பிறகு குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பாசத்துக்கு இரட்டைக் கோடு, சண்டைக்குச் சிவப்பில் வளைந்து நெளிந்த கோடு. தம்பி ஜான்சனோடு சண்டை உண்டா என்று அவள் கேட்டாள். போன பொங்கலுக்கு ஓர் ஆட்டை வைத்து மூன்று நாள் பேசாமல் இருந்ததை அருள்தாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு சதுரங்களுக்கும் நடுவே சிவப்புக் கோடு நெளிந்தது. ஊழியர்கள் எல்லோரும் நுண்ணுணர்வோடு நடந்துகொள்வதற்காகப் படத்தைக் கட்டிலின் காலடியில், போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினார்கள். சாயங்காலம் ஜான்சன் அண்ணனைப் பார்க்க வாழைப்பழத்தோடு வந்தான். படத்தைப் பார்த்தான். அந்தச் சதுரம் யார், இந்தக் கோடு என்ன என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டான். பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வரும்போது இல்லாத சண்டை, போகும்போது இருந்தது.

மனைவி வந்திருக்கிறாரா என்று ஜெயப்பிரியா கேட்டபோது, வரமாட்டாள் என்றார் அருள்தாஸ். ஏன் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நோயாளியின் மௌனத்துக்கு விநாடி ஒதுக்கப்படாததால் அவள் நாலாம் பக்கத்தில் ‘துணையால் கைவிடப்பட்டவர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அதற்கு அடையாளமாக அவர் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டை கட்டினார்கள்.

செங்கேணி ஏன் வரவில்லை என்பதைப் படிவம் சொல்லாது, நான் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் நடவு நட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. இதே மருத்துவமனைக்கு வந்தாள். சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று தெரிந்தது. மாத்திரை கொடுக்கும் முன் மதிப்பீடு. நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூடத்தின் நடுவில் தட்டியை வைத்து, அதற்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார்கள். அறுபத்து நாலாவது கேள்வி, கணவர் அடிப்பாரா என்பது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை குடித்துவிட்டு அடித்தார், மறுநாளே குடியை விட்டார், அதற்கப்புறம் ஒரு சொல் கிடையாது என்று செங்கேணி உண்மையைச் சொன்னாள். குடியை விட்டதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அடித்ததற்கு இருந்தது. “ஆக, உங்கள் கணவர் குடித்துவிட்டு உங்களை அடித்தார்” என்று ஜெயப்பிரியா விதிப்படி உறுதி செய்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம், செங்கேணி நடவு நடுகிற நிலத்துக்குச் சொந்தக்காரியான கோவிந்தம்மாள், மூட்டு வலிக்காக உட்கார்ந்திருந்தாள். செங்கேணி பஸ் ஏறி ஊருக்குப் போவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் இறங்கியிருந்தது. இருபது வருடமாகக் குடிக்காத மனுஷனைத் தெருவில் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். தன் வாயால் வந்த அவமானம் என்று அவள் குமைந்து போனாள். மாத்திரையும் வாங்காமல் வெளியே வந்தவள்தான், செத்தாலும் அந்த கேட்டுக்குள் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கேட்டுக்குள்தான் வைக்கவில்லை. கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் திங்கட்கிழமையிலிருந்து அவள் உட்கார்ந்திருந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் வருவாள், கடைசி பஸ்ஸில் போவாள். கொண்டு வருகிற டிபன் பாக்ஸை வாட்ச்மேன் சாம்சனிடம் கொடுப்பாள். அவன் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, காலி பாக்ஸைத் திருப்பிக் கொண்டு வருவான். சாம்சனை யாரும் எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் வாட்ச்மேனிடம் கேட்கச் சொல்லி எங்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சர்க்கரை முந்நூற்று எழுபது. மாத்திரை சாப்பிட்டும் ஏன் இறங்கவில்லை என்று ஆராய, குடும்பப் பின்னணிக் கூட்டம் கூடியது. அருள்தாஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் முன்வரிசையில் நிறுத்தினார்கள். திரையில் அவருடைய சதுரங்களும் வட்டங்களும் ஆளுயரத்துக்குத் தெரிந்தன.

“நண்பர்களே, பழைய மருத்துவம் இவரிடம் ஒரு காலைத்தான் பார்த்திருக்கும்” என்று ராஜாராம் பேச ஆரம்பித்தார். “நாம் அப்படி அல்ல. தம்பியோடு பகை, மதத்தில் முரண், மனைவி கைவிட்ட தனிமை, இத்தனையையும் ஒரே நாளில் கண்டுபிடித்திருக்கிறோம். நான் துணிந்து சொல்வேன், இந்த மனிதருக்குக் கால் ஒரு பிரச்சினையே அல்ல.”

அருள்தாஸ் பள்ளிக்கூடத்தில் செய்வது போலக் கையைத் தூக்கினார். “சார், கால்தான் சார் பிரச்சன.”

ராஜாராம் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீர்களா? இதைத்தான் மறுப்பு நிலை என்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள்” என்றார். ஜெயப்பிரியா குறித்துக்கொண்டாள். டாக்டர் வெங்கடேசன் இன்சுலின் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒன்பதாம் பகுதிக்குக் கையெழுத்து வரட்டும், அவசரப்படுவது பழைய மருத்துவம் என்று பதில் வந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அந்த மாதம் சம்பளம் வர வேண்டும்.

கூட்டத்தின் முடிவில் ‘மாற்றுக் குடும்பத் திட்டம்’ பிறந்தது. கைவிடப்பட்ட நோயாளிக்கு மருத்துவமனையே ஓர் உறவினரை நியமிக்கும். அவர் தினமும் மாலை நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வார். அப்போது ஒரு போட்டோ எடுக்கப்படும். வேலையில்லாமல் நிற்கிறவன் யார் என்று பார்த்ததில் வாட்ச்மேன் சாம்சன் கண்ணில் பட்டான். அவனைத் தம்பியாக நியமித்து உத்தரவு போட்டார்கள்.

ஆக, அன்று நாலு மணிக்கு சாம்சன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அருள்தாஸின் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

“அக்கா கொயம்பு எப்டி கீதுன்னு கேக்கச் சொல்ச்சிண்ணா” என்றான் சாம்சன், போட்டோ எடுப்பவர் போனபிறகு.

“உப்பு ஒரு கல்லு கம்மி. சொல்லாத, பேஜாராயிடுவா” என்றார் அருள்தாஸ்.

கைவிட்ட மனைவிக்கும் கைவிடப்பட்ட கணவனுக்கும் இடையே குழம்பில் உப்பு வரைக்கும் தகவல் போய்க்கொண்டுதான் இருந்தது. மருத்துவமனைக்குத்தான் தெரியவில்லை.

புதன்கிழமை சர்க்கரை முந்நூற்று அறுபத்தைந்து. மதியம் பரிமளா கட்டு மாற்ற வந்தாள். விரல்களின் கறுப்பு ஒரு நூல் அளவு மேலே ஏறியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போடுவதற்காகக் கட்டிலின் மேலிருந்த காலி டிபன் பாக்ஸை எடுத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. திறந்து பார்த்தாள். கழுவித் துடைத்த பாக்ஸில் ஒரு காகிதப் பொட்டலம், அதற்குள் இரண்டு மாத்திரைகள். நேற்று இரவு ஒன்று, இன்று காலை ஒன்று. வீட்டுக்குத் திரும்பிப் போகிற பாக்ஸ் அது. இரண்டையும் தன் கையால் கொடுத்தவள் அவள்தான். முன்பெல்லாம் மாத்திரை கொடுத்தால் விழுங்குகிற வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது அந்த நேரத்தில் ‘மாத்திரை குறித்து நோயாளியின் உணர்வு’ என்ற பத்தியை நிரப்ப வேண்டியிருந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் நர்ஸுக்கு முன்னால் ஒரு மாத்திரையை மடியில் செருகிக்கொள்வது பெரிய வித்தை இல்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பாக்ஸை மூடிப் பழைய இடத்தில் வைத்தாள். தட்டியை உருட்டி வரச் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். கண் புண்ணின் மேல்தான் இருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் மனிதர்கள் பதிலைத் தேடுவார்கள், வேலையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள் என்பதை அவள் எந்தப் பயிற்சியிலும் படித்ததில்லை. ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அவர் திருடன் மாதிரி முழித்திருப்பார்.

“அக்காவுக்கு எவ்ளோண்ணா சுகரு?” என்றாள், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில்.

அருள்தாஸ் டிபன் பாக்ஸைப் பார்த்தார். அவள் குனிந்த தலையைப் பார்த்தார். அவள் விநாடி எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, பஞ்சை மருந்தில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“முந்நூத்திப் பத்து சிஸ்டர்” என்றார் கடைசியில். “மூணு மாசமா என் மாத்திரயத்தான் ரெண்டு பேரும் சாப்டுக்கினு கீறோம். அவ இங்க வந்தா மாத்திரைக்கு முன்ன மறுபடியும் அதெல்லாம் கேப்பீங்கன்னு பயப்படறா. அவ வயல்ல வுயுந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு ரெண்டு வெரலு போனாலும் இன்னும் எட்டு கீது.”

பரிமளா பஞ்சைக் கீழே வைத்தாள். கட்டைப் போட்டு முடித்து, பொட்டலத்திலிருந்த இரண்டில் ஒரு மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் விழுங்குகிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் கடந்துபோன இன்னொன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

டிபன் பாக்ஸ் யாரிடம் போகிறது என்று சாம்சனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தில் சர்க்கரை பார்க்கிற கருவியையும் படிவத்தின் ஒன்பதாம் பகுதியையும் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள். பெஞ்சில் செங்கேணி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னாள், சர்க்கரை இல்லாமல். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் செங்கேணி எழுந்துவிடப் பார்த்தாள். பரிமளா எதுவும் கேட்கவில்லை. கால் எப்படி இருக்கிறது, விரல்கள் எந்த நிலையில் இருக்கின்றன, சனிக்கிழமைக்குள் என்ன ஆக வேண்டும் என்று தானே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த செங்கேணி, தன் விரலை நீட்டினாள். ஊசி குத்திப் பார்த்ததில் இருநூற்று எழுபது.

“உங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல எல்லம்மாள்னு ஒரு நர்ஸு கீறாங்க, என் கூடப் படிச்சவங்க. நாளைக்கு அங்க போங்க, தனியா டெஸ்ட் பண்ணி மாத்திர குடுப்பாங்க” என்றாள் பரிமளா.

“அவுங்களும் கேப்பாங்களா?”

“சாப்டாச்சா, சாப்டலயான்னு கேப்பாங்க. மாத்திர குடுக்கணும்ல.”

செங்கேணி ஒன்பதாம் பகுதியில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். அன்று சாயங்காலமே இன்சுலின் ஏறியது. காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு மாத்திரைகளும் தொண்டை வழியாக ஒழுங்காக இறங்கின. சனிக்கிழமை காலை சர்க்கரை நூற்று எண்பத்தெட்டு. டாக்டர் வெங்கடேசன் விரல்களைத் தொட்டுப் பார்த்து, கறுப்பு நின்றுவிட்டது, கத்தி வேண்டாம் என்றார்.

இது மாற்றுக் குடும்பத் திட்டத்தின் மகத்தான வெற்றி என்று ராஜாராம் அறிவித்தார். சாம்சன் கையைப் பிடித்த போட்டோ பெரிதாக்கப்பட்டு வரவேற்பறையில் தொங்கியது. ஒன்பதாம் பகுதியில் மனைவியின் கைரேகை இருக்கிறதே, அப்புறம் நாலாம் பக்கத்தில் கைவிடப்பட்டவர் என்று எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் படிவத்தை அங்கே நிரப்புவார்கள், படிக்க மாட்டார்கள். ஆனால் பரிமளா தன் பணிக்குறிப்பில் ‘நோயாளியிடம் விவரம் கேட்டறிந்தேன், மனைவியை டீக்கடையில் சந்தித்தேன்’ என்று எழுதியிருந்தது மாட்டிக்கொண்டது. படிவமின்றிக் குடும்ப விவரம் சேகரித்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. எந்த முறைப்படி தகவல் பெறப்பட்டது என்று மூன்று பக்கத்துக்குள் விளக்க வேண்டும். அவள் இரண்டே வார்த்தையில் பதில் எழுதினாள்: ‘கேட்டேன். சொன்னார்.’

அடுத்த வாரம் தரச்சான்றுக் குழு வந்த நாளும், அருள்தாஸை வீட்டுக்கு அனுப்புகிற நாளும் ஒன்றாக அமைந்தன. அந்தரங்க உரையாடல் அறை திறக்கப்பட்டது. சோபாவின் பிளாஸ்டிக் உறை உரிக்கப்பட்டது. முதன்முதலில் அதில் உட்கார்ந்தவர் அருள்தாஸ்தான். குழுவின் தலைவர், இங்கே உங்களைப் புரிந்துகொண்டார்களா என்று அன்பாகக் கேட்டார்.

“நூத்திப் பன்னண்டு கேள்வி கேட்டாங்க சார். அதுல இல்லாத ஒண்ண பரிமளா சிஸ்டர் கேட்டாங்க. எங்க வூட்ல அவளுக்கு எவ்ளோ சுகருன்னு. அதுல வெரலு பொயச்சிக்கிச்சி” என்றார் அவர்.

குழுத் தலைவர் ராஜாராமைப் பார்த்தார். ராஜாராம் அசரவில்லை. நாங்கள் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருக்கிற நிறுவனம் என்று சொல்லி, அந்த இடத்திலேயே படிவத்துக்குப் பதினைந்தாம் பக்கம் சேர்க்க உத்தரவிட்டார். நூற்றுப் பதின்மூன்றாவது கேள்வி: ‘உங்கள் மனைவிக்குச் சர்க்கரை எவ்வளவு?’ சாயங்காலத்துக்குள் அதை ஒரு பிரசவக் கேஸிடமும், கல்யாணமாகாத இரண்டு பேரிடமும், பாதிரியார் ஒருவரிடமும் கேட்டு, ஏழு விநாடி மௌனமும் அனுசரித்திருந்தார்கள்.

அருள்தாஸை அனுப்புவதில் ஒரு சின்னச் சங்கடம் வந்தது. நோயாளியைக் குடும்பத்தாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டின்படி ஜான்சன் பகையாளி, மனைவி கைவிட்டவள், அவருக்குக் குடும்பம் என்று இருப்பது சாம்சன் மட்டும்தான். அதனால் அவன் தம்பி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அண்ணனைப் பெற்றுக்கொண்டான்.

வெளியே குழுவின் கார் திரும்ப இடமில்லாமல் நின்றது. டீக்கடை பெஞ்ச் சாலையை ஒட்டிப் போட்டிருந்தது, அதில் செங்கேணி உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப வந்த ராஜாராம் வேகமாகப் போனார்.

“கொஞ்சம் நகரும்மா. பத்து நாளா பாக்கறேன், எப்பப் பாத்தாலும் இங்கயே உக்காந்திருக்க. உனக்குன்னு குடும்பம் எதுவும் கிடையாதா?” என்றார்.

அவர் வாழ்நாளில் படிவம் இல்லாமல் கேட்ட குடும்பப் பின்னணிக் கேள்வி அது ஒன்றுதான். பதிலுக்கு அவர் நிற்கவில்லை, கார்க் கதவைத் திறந்துவிட ஓடினார்.

செங்கேணி எழுந்து பெஞ்சைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டாள். கார் போனது. புழுதி அடங்கியதும், சாம்சன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அருள்தாஸ் நொண்டி நொண்டிச் சாலையைத் தாண்டி வந்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அண்ணனை ஒப்படைச்சாச்சு அக்கா என்று சொல்லி, சாம்சன் கேட்டுக்குத் திரும்பிப் போனான்.

“காலக் காட்டு” என்றாள் செங்கேணி.

தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை, பெருவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். சுண்டுவிரலுக்கு வந்ததும் அதை மட்டும் இரண்டு தடவை தொட்டாள்.

“அஞ்சும் கீது” என்றாள்.

அப்புறம்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.